அங்கே இல்லை

என் வீட்டுக் காப்பி இந்த ஊரில் யார் வீட்டிலும் கிடைக்காது என்று சொல்வார்கள். தூள் எல்லோரும் வாங்குகிற அதே தூள்தான், சந்தேகமிருந்தால் டப்பாவை எடுத்துப் பாருங்கள். தண்ணீர்தான் காரணம். பக்கத்து மாவட்டத்திலிருந்து கேனில் வரவழைக்கிறேன். குடியுங்கள், மிஸ்டர் ப்ரெக்கி. இந்தப் பனியில் பழத்தோட்டச் சாலையிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அங்கே புது வீடு கட்டிக் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன். வசந்தத்தில் உங்கள் மனைவிக்குக் குழந்தை பிறக்கப்போகிறதாமே. வாழ்த்துகள்.

புதிய ஃபெடரல் நீதிமன்றக் கட்டடத்துக்கு லீலண்ட் ஆஸ்ப்லண்ட் என்று என் பெயரை வைக்கலாமா என உங்கள் குழு யோசிப்பதாகச் சொன்னீர்கள். நானாகக் கேட்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு யார் பெயரை வைப்பீர்கள்? ஹோல்ம்ஃபோர்டில் ஃபெடரல் நீதிபதி என்றால், ஓய்வுபெறும்வரை நான் ஒருவன்தான். பெரிய நகரங்களில் ஒரு வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்று குலுக்கிப் போடுவார்கள். இங்கே குலுக்குவதற்கு இரண்டாவது பெயர் கிடையாது. ஜனாதிபதி நியமித்தார், செனட் ஒப்புக்கொண்டது, அதற்கப்புறம் ஆயுள் உள்ளவரை யாரும் என்னை அசைக்க முடியாது. யாருக்கும் நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டிய அவசியம் இல்லாதவன்தான் ஒழுங்காகத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது என் அபிப்பிராயம்.

முக்கியமான தீர்ப்புகளைக் கேட்டீர்கள். வான்கோழிப் பண்ணைக்காரர்கள் மின்சாரக் கம்பெனி மேல் போட்ட வழக்கு சட்டக் கல்லூரியில் பாடமாக இருக்கிறது. பழங்குடிகள் காட்டரிசி அறுக்கிற ஏரியில் அணை கட்டக் கூடாது என்று நான் சொன்னபோது, யாரோ என் வீட்டுத் தபால் பெட்டியை டிரக்கால் இடித்துச் சாய்த்தார்கள். புதுப் பெட்டி வாங்கி நட்டேன். தீர்ப்பு அப்படியே நின்றது. பிள்ளைகளுக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து உறைகளைப் பிரித்து உள்ளே இருந்த பணத்தை எடுத்துக்கொண்ட தபால்காரர் ஒருவர் இருந்தார். என் முன்னால் நின்று ஓவென்று அழுதார். தண்டனை சொல்வதற்கு முன் குற்றவாளியைப் பார்த்து, ‘ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்று கேட்க வேண்டும், அது சட்டம். நான் ஒருவரையும் விட்டதில்லை, எல்லோரையும் கேட்டேன். அழுகிறவர்கள் அழுது முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பேன். தண்டனை முந்தின நாளே டைப் ஆகி என் மேஜையில் இருக்கும்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் நான் ஒரு தடவைகூடக் குட்டு வாங்கியதில்லை. இது உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொம்பு முளைத்த நீதிபதிகளெல்லாம் வருடத்துக்கு ஒரு முறையாவது மூக்குடைபட்டுத் திரும்புவார்கள். என் தீர்ப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை. அதை எழுதிக்கொண்டீர்களா? சரி. இப்போது அந்த ரெக்கார்டரை அணைத்துவிடுங்கள். என் தீர்ப்புகளிலேயே சிறந்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். நன்றி.

ஊருக்கு வடக்கே முலாம் பூசுகிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். கார் பம்பர், குளியலறைக் குழாய், எல்லாம் பளபளவென்று இங்கிருந்துதான் போகும். மிஞ்சிய விஷத் திரவத்தைப் பீப்பாய்களில் அடைத்து எங்கேயோ புதைத்துவிட்டார்கள். சில வருடங்களில் கிணறுகள் கெட்டன. கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்தது, முதலாளி செத்துப்போனார். அரசாங்கம் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. பீப்பாய்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் தோண்டி எடுத்துவிடலாம், ஊர் பிழைத்துக்கொள்ளும். பேச்செல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. தெரிந்திருக்கக்கூடிய ஆள் என்று மிஞ்சியவர் ஃபோர்மேன் வெர்லின் ஹஸ்பி. அரசாங்க வக்கீல் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

ஒல்லியான ஆள். சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“யுவர் ஆனர், பீப்பா நிரம்பினா மூடி போட்டுக் கதவுகிட்ட உருட்டி வைப்பேன். லாரி வரும், ஏத்திக்கிட்டுப் போகும். எங்க போகுதுன்னு நான் வாயைத் திறந்து கேட்டிருந்தா, மறுநாளே நானும் அதுகூடவே போயிருப்பேன்.”

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “யாரோட லாரி?” என்றேன்.

“பேரு எழுதலீங்களே. எழுதியிருந்தா நான் மட்டுமா படிச்சிருப்பேன், ஊரே படிச்சிருக்குமே.”

மறுபடியும் சிரிப்பு. என் நீதிமன்றத்தில் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு ஃபோர்மேன், தன் கையால் உருட்டிய பீப்பாய் எங்கே போயிற்று என்று தெரியாது என்கிறார். நான் நம்பவில்லை. அன்றைக்கு உண்மையாகவே நம்பவில்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். திரும்பி வந்தும் அதையே சொன்னார். நீதிமன்ற அவமதிப்பு என்று சிறையில் அடைக்க உத்தரவிட்டேன். இது தண்டனை இல்லை, மிஸ்டர் ப்ரெக்கி. இதில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்ற கணக்குக் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொன்னால் அந்த நிமிடமே வெளியே வரலாம். சொல்லாதவரை உள்ளே. அப்படி அடைக்கும்போது நாங்கள் வழக்கமாக ஒரு வார்த்தை சொல்வோம், நானும் சொன்னேன்.

“உங்க ஜெயில் சாவி உங்க பாக்கெட்லதான் இருக்கு, மிஸ்டர் ஹஸ்பி. எப்ப வேணும்னாலும் திறந்துக்கிட்டு வெளிய வரலாம்.”

அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? எல்லோர் முன்னாலும் கோட்டுப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். “மூக்குத் துடைக்கிற கர்ச்சீப்புதான் இருக்கு, யுவர் ஆனர்.”

அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மேல்முறையீடு செய்தார். அங்கே மூன்று நீதிபதிகள் என் உத்தரவை உறுதி செய்தார்கள். சாட்சியின் முகத்தை நேரில் பார்த்தவர் கீழ் நீதிபதி, அவர் பொய் என்றால் பொய்தான், முகத்தைப் பார்க்காத நாங்கள் அதில் தலையிட மாட்டோம் என்று எழுதினார்கள். ரொம்ப சரியான தீர்ப்பு. அதை நான் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், அதோ அந்தச் சுவரில்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆர்னி ட்வைட் என்னிடம் பேசினான். ஆர்னியும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். ஜல்லி, மணல் அடிக்கிற லாரிகள் வைத்திருந்தான். ஏரி உறைந்ததும் அதன் மேல் அவன் மரக் குடிலை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவான். பனியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள், துளையைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்த ஊர் ஆண்கள் பாதிப் பேர் மனதில் இருப்பதை ஏரி மேல் வைத்துச் சொல்கிறார்கள்.

“டேய் லீலண்ட், அந்த வெர்லினை விட்டுடுடா.”

“ஏன்?”

“அவனுக்குத் தெரியாது.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“புதைச்சது நான்டா. என் லாரிதான். பேரை அழிச்சிட்டு ஓட்டினேன்.” இடத்தையும் சொன்னான். எத்தனை ஆழம் என்றும் சொன்னான். குரல் நடுங்கியது, குளிரால் இருக்கலாம்.

நான் துளையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் எதையும் கேட்கல, ஆர்னி.”

“காது அவிஞ்சு போச்சா உனக்கு? இப்பதானே சொன்னேன்.”

“ஒரு வக்கீலைப் பாரு. முறைப்படி கோர்ட்ல வந்து சொல்லு. அதுவரைக்கும் நான் கேட்கல.”

“கோர்ட்டுக்கு வந்தா நான் உள்ள போவேன். பிள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நீ பாத்து ஏதாவது செய்யேன்டா. நீதானே ஜட்ஜு.”

அப்போது என் தூண்டில் சுண்டியது. நல்ல மீன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. ஆர்னி வக்கீலைப் பார்க்கவில்லை. பனி உருகுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அந்த மாதத்திலிருந்துதான் கேன் தண்ணீருக்குச் சொன்னேன். என் தங்கை ஆர்டிஸ் வீட்டுக்கும் வாராவாரம் போகும்படி ஏற்பாடு செய்தேன். வயதான காலத்தில் கிணற்றுத் தண்ணீர் சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவளிடம் சொன்னேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. என் குடும்பத்தில் யாரும் தேவையில்லாத கேள்வி கேட்க மாட்டார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. மறுநாளே வெர்லினை விட்டிருக்க வேண்டும், இடத்தைத் தோண்டச் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் படிக்காதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஒரு நீதிபதி இரண்டு தரப்பும் எதிரில் நிற்கும்போது காதில் விழுவதை மட்டும்தான் கேட்கலாம். பதிவில் இருப்பதுதான் உண்மை. குடிலில், சந்தையில், சர்ச்சு விருந்தில் காதில் விழுவதையெல்லாம் வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் அது நீதிமன்றம் இல்லை, திண்ணைப் பேச்சு. சரி, எழுந்து நின்று சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் நானே என் வழக்கில் சாட்சி ஆகியிருப்பேன். விலக வேண்டும். அடுத்து வருகிறவன் என் உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பான். மேல் நீதிமன்றம் உறுதி செய்த ஒன்று தலைகீழாகத் திரும்பும். ஒரு ஃபோர்மேனுக்காக ஒரு நீதிமன்றத்தின் மானத்தைக் காற்றில் விடுவதா? எனக்கு வெர்லின் ஹஸ்பியைப் பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான். அந்த ஆளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனால் அது காரணமில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவரைக் கொண்டுவருவார்கள். சொல்கிறீர்களா என்று கேட்பேன். தெரியாது என்பார். சாவி உங்கள் பாக்கெட்டில் என்பேன். ஒரு தடவை ஆரஞ்சுச் சட்டையின் இரண்டு பக்கத்தையும் தடவிக் காட்டி, “இந்தச் சட்டையில பாக்கெட்டே இல்லீங்க, யுவர் ஆனர்” என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

அவர் மனைவி ஜொனெல் வாயாடி. ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலில் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து குமாஸ்தா மேஜையில் டக்கென்று வைத்தாள்.

“இதைத்தான் என் மக குடிக்கிறா. இதைத்தான் இவரும் குடிச்சாரு. இடம் தெரிஞ்சிருந்தா பெத்த மகளுக்கு எந்த அப்பனாவது இதைக் குடிக்கக் கொடுப்பானாய்யா? நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிட்டுப் போறேன்.”

நல்ல வாதம். எந்த வக்கீலும் அதைவிட நன்றாக வாதாடியதில்லை. உத்தரவில் ‘உணர்ச்சிவசப்பட்ட குறுக்கீடு’ என்று குறிப்பிட்டு, பாட்டிலை அப்புறப்படுத்தச் சொன்னேன். என் மேஜையில் கண்ணாடி டம்ளர் இருந்தது, அதில் கேன் தண்ணீர். அன்று முழுக்க அதை நான் தொடவில்லை. மற்றவர்கள் பார்க்க நான் குடித்தால் அவளைச் சீண்டியது போலாகிவிடும்.

பிறகு அந்த மகள் ட்ரூடிக்குச் சிறுநீரகம் பழுதாகி, நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று வெர்லினின் வக்கீல் அவசர மனுப் போட்டார். வெர்லினைக் கொண்டுவந்தார்கள். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், பாதி ஆளாக இருந்தார். நான் கேட்பதற்கு முன்பே பேசினார்.

“சொல்லிடறேன், யுவர் ஆனர். பழைய வெண்ணெய் ஆலைக்குப் பின்னால. மொத்தமும் அங்கதான் இருக்கு. இப்ப என்னை விடுங்க, நான் என் பொண்ணுகிட்டப் போகணும்.”

“அங்கே இல்லை” என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை. என் வாழ்நாளில் நீதிமன்றத்தில் நான் செய்த ஒரே பிழை அது. ‘நம்ப முடியவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். தோண்டிப் பார்க்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆள் என் முன்னால் நின்று இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மை தெரிந்தவன் முகத்துக்கு நேரே பொய் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

வெர்லின் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“அங்க இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஏரி மேல் நான் ஆர்னியிடம் கேட்ட அதே கேள்வி. அரசாங்க வக்கீல் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார், உடனே குனிந்துகொண்டார். அடுத்த வாரமும் அவர் என் முன்னால்தான் வழக்கு நடத்த வேண்டும். பின்னாலிருந்து ஜொனெல், “அவருக்குத் தெரியும், ஐயோ, இந்த ஆளுக்குத் தெரியும்” என்று கத்தினாள். அவளை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். சுருக்கெழுத்து எடுக்கிற வோனாவின் கை நின்றுவிட்டது. அவள் என்னோடு பல வருடம் வேலை பார்த்தவள். “நம்பத் தகுந்ததல்ல. அப்படின்னு பதிவு பண்ணுங்க” என்றேன். அவள் அப்படியே பதிந்தாள். வெர்லின் கேட்ட கேள்வியை நான் பதியச் சொல்லவில்லை, அவளும் பதியவில்லை. நீங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அதில் ஒரு குறையும் இருக்காது.

பொய் சொன்னதற்காக மனுவைத் தள்ளுபடி செய்தேன். ட்ரூடி அந்த வாரக் கடைசியில் இறந்தாள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அடக்கத்துக்கு வெர்லினை அனுப்பும்படி நானே உத்தரவிட்டேன், விலங்கு போட வேண்டாம் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். காவலர்கள் இரண்டு பக்கமும் நிற்க, அவர் சவப்பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாராம். அழவில்லையாம். சர்ச்சுக்கு என் பெயரில் பூ அனுப்பியிருந்தேன், ஜொனெல் அதைத் தூக்கிப் பனியில் எறிந்துவிட்டாளாம். துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள், நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அதற்குப் பிறகு வெர்லின் என் முன்னால் வாயையே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரிடம் இருக்க வேண்டிய சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டது மாதிரி ஒரு பார்வை. விசித்திரமான ஆள். அடுத்த குளிர்காலத்தில் சிறையிலேயே மூளையில் ரத்தம் கசிந்து செத்தார். வழக்கு முடிந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசிவரை மேல் நீதிமன்றம் என் உத்தரவைத் தொடவில்லை. யோசித்துப் பாருங்கள், எத்தனை பேருக்கு இந்த மனஉறுதி இருக்கும்? நண்பனின் ரகசியம் ஒரு பக்கம், ஒரு தகப்பனின் கண்ணீர் இன்னொரு பக்கம். நான் இரண்டுக்கும் அசையவில்லை. ஒரு கட்டடத்துக்குப் பெயர் வைக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்?

முகம் ஏன் இப்படி வெளுத்துவிட்டது? எங்கே, பீப்பாய்கள் எங்கே என்று கேட்கிறீர்கள். அதைக் கேட்க ஒரு முறை இருக்கிறது. என் நாற்காலியில் இப்போது ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், அவர் முன் மனுப் போடுங்கள். என்னைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டால் சொல்கிறேன், நான் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பதற்கு அவர் ஆதாரம் கேட்பார். ஆர்னி இல்லை, வெர்லின் இல்லை, வோனாவும் போய்விட்டாள். ரெக்கார்டரை உங்கள் கையாலேயே அணைத்துவிட்டீர்கள். மேஜையைத் தட்டாதீர்கள், காப்பி சிந்துகிறது. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்கிறீர்களே, ஜொனெலும் அதையேதான் கேட்டாள்.

போகும்போது வாசலில் அடுக்கியிருக்கும் கேன்களில் இரண்டைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பழத்தோட்டச் சாலையில் எல்லாம் கிணறுதானே. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், அந்தத் தண்ணீரை வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் வேண்டாம். அந்தச் சாலையில் யார் வீட்டிலும் வேண்டாம். ஏன் என்று அவள் கேட்டால், கிழவர் கேன் கொடுத்தார் என்று மட்டும் சொல்லுங்கள். நான் உங்களிடம் எதையும் சொல்லவில்லை.